1,100 ரூவா லினோகட் கிட்: ஏழு மாசம் கழிச்சு கை ஓடுது

ஏழு மாசமா எனக்குன்னு ஒண்ணுமே வரையல. ஆபீஸ் வேலைக்கு வரையறது வேற கணக்கு, அது கிளையண்ட் கேட்டத செஞ்சு குடுக்கறது, அது பாட்டுக்கு ஓடிட்டு தான் இருந்துச்சு. ராத்திரி டேப்லெட்ட தொறப்பேன், ரெண்டு கோடு போடுவேன், பிடிக்காது, அண்டூ, திரும்ப ரெண்டு கோடு, திரும்ப அண்டூ, மணி பதினொண்ணு ஆயிரும், மூடி வச்சிட்டு படுத்துருவேன். நல்ல ஐடியா ஒண்ணு வரட்டும் அப்புறம் உக்காரலாம்னு இருந்தேன், அது வரவே இல்ல.

அப்ப தான் ஆன்லைன்ல இந்த கிட் கண்ணுல பட்டுச்சு. பிராண்ட் பேரு போடல, ஏன்னா அச்சு அசலா இதே கிட் நாலஞ்சு பேர்ல விக்கறாங்க. உள்ள ஒரு கைப்பிடி, மாத்தி மாத்தி மாட்டிக்கற மாதிரி அஞ்சு பிளேடு, ஏ5 சைஸ்ல ரெண்டு லினோ ஷீட், 4 இன்ச் ரப்பர் ரோலர், ஒரு கருப்பு இங்க் டியூப். எப்படி செய்யணும்னு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல.

லினோகட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஸ்கூல்ல வெண்டைக்காய குறுக்க வெட்டி கலர்ல தொட்டு நோட்டுல பூ பூவா அச்சு வச்சிருப்போம்ல, அதே விஷயம் தான். ஷீட்ல செதுக்குன இடம் வெள்ளையா வரும், விட்ட இடம் கருப்பா வரும், அவ்வளவு தான். ஷீட் பிளாஸ்டிக் இல்ல, ஆளிவிதை எண்ணெயும் கார்க் தூளும் கலந்து சணல் துணி மேல அழுத்துனது, கவர பிரிச்ச உடனே அந்த எண்ணெய் வாசனை வரும், எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு.

மொத நாள் ஷீட் கல்லு மாதிரி இருந்துச்சு, பிளேடு இறங்கவே இல்ல. மொட்டமாடி வெயில்ல பத்து நிமிஷம் வச்சு எடுத்தா அப்படியே மாறிடுது, கேரட் சீவுற மாதிரி சுருள் சுருளா வரும். என்ன செதுக்கறதுன்னு அப்பவும் ஐடியா கிடையாது. எதிர்ல தரையில அம்மா அருவாமனைய போட்டு வாழைக்காய் நறுக்கிட்டு இருந்தாங்க, சரி அதையே செதுக்குவோம்னு ஆரம்பிச்சேன்.

பாதியில கை வழுக்கி ஷீட்டுக்கு நடுவுல நீளமா ஒரு கோடு விழுந்துருச்சு. டேப்லெட்டா இருந்தா ரெண்டு விரல்ல தட்டி அழிச்சிருப்பேன். இதுல அழிக்க வழியே இல்ல, ஒண்ணு தூக்கிப் போடணும், இல்ல அந்த கோட்ட எதாவது ஆக்கணும். ஜன்னல் வழியா விழற வெளிச்சமா ஆக்கலாம்னு பக்கத்துலயே இன்னும் நாலு கோடு இழுத்தேன். அச்சு எடுத்துப் பாத்தா மொத்தப் படத்துலயும் அந்த வெளிச்சம் தான் நல்லா இருக்கு. ஏழு மாசமா உக்காந்து யோசிச்சு வராதது பிளேடு வழுக்குனதுல வந்துச்சு, இத எப்படி சொல்றதுன்னு தெரியல, அன்னைக்கு ராத்திரி சந்தோஷத்துல தூக்கமே வரல.

ஒரு விஷயம், படம் இடவலமா மாறி தான் விழும். கீழ ஓரத்துல 'அ'ன்னு ஒரு எழுத்து செதுக்கியிருந்தேன், கண்ணாடியில பாக்கற மாதிரி திரும்பி வந்துச்சு. டிரேசிங் பேப்பர்ல 4பி பென்சில்ல வரைஞ்சு, அத கவுத்துப் போட்டு ஷீட் மேல தேச்சீங்கன்னா அச்சுல நேரா வந்துரும்.

இனி கிட்டோட குறை. மெல்லிசான வி பிளேடு அருமை. அகலமான யூ பிளேடு ரெண்டும் மழுங்கி தான் வந்துச்சு, ஹார்டுவேர் கடையில 1000 நம்பர் வாட்டர் பேப்பர் வாங்கி தீட்டுன அப்புறம் தான் ஒழுங்கா வெட்டுச்சு. இங்க் தண்ணி இங்க், ரோலர்ல உருட்டறதுக்கு ஒரு கண்ணாடித் தகடு மேல விட்டா ஃபேன் காத்துல அஞ்சே நிமிஷத்துல அதுலயே காய்ஞ்சிரும், அதனால ஃபேன நிறுத்திட்டு தான் வேலை பாக்கணும். அச்சு காய்ஞ்ச பிறகும் ஈரக்கை பட்டா கலையுது. நான் தனியா ஆயில் இங்க் வாங்கிட்டேன், கழுவறதுக்கு சமையல் எண்ணெயே போதும். ரோலர் பரவால்ல. இங்க்க ரொம்ப மெல்லிசா உருட்டணும், சரியான பதத்துல இருந்தா 'சர்ர்'னு ஒரு சத்தம் வரும். மெஷின் எல்லாம் வேணாம், பேப்பர மேல வச்சு எவர்சில்வர் கரண்டியோட பின்பக்கத்தால அழுத்தித் தேச்சா போதும்.

பெரிய குறை, ஷீட்ட தடுத்துப் பிடிக்கற பலகை தரல. எனக்கு இடது கை ஆட்காட்டி விரல் நல்லா கிழிஞ்சிருச்சு. ஒரு பிளைவுட் துண்டுல மேல்பக்கம் ஒரு ஓரத்துல ஷீட்ட தடுக்க ஒரு ரீப்பர், அடிப்பக்கம் எதிர் ஓரத்துல மேசை விளிம்புல மாட்டிக்க ஒரு ரீப்பர் அடிச்சு வச்சுக்கோங்க, கார்பெண்டர் கடையில மிச்சத் துண்டே குடுப்பாங்க. எப்பவும் பிடிக்கற கை பிளேடுக்கு பின்னாடி தான் இருக்கணும், குழந்தைங்களுக்கு வாங்கறவங்க இத ரெண்டு தடவ படிங்க.

போன மாசம் சென்னை ஈசிஆர்ல சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு போயிருந்தேன். 1966ல கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில ஓவியர்கள் சேந்து உருவாக்குன இடம். படம் வித்து பொழைக்க முடியாத காலத்துல பாத்திக் துணி, கைவினைப் பொருள்னு செஞ்சு வித்து தான் தாக்குப் பிடிச்சாங்க. முன்னாடியும் போயிருக்கேன், அப்ப இது பெருசா தோணல. இந்த தடவ அதையே நினைச்சிட்டு ரொம்ப நேரம் அங்க நின்னேன், அந்த கைங்க ஒரு நாளும் சும்மா இருந்திருக்காதுல்ல.

மூணு வாரத்துல ஒம்பது அச்சு எடுத்துட்டேன். அதுல நாலு சுமார் தான், ஆனா ஒம்பதும் இருக்கு. ஸ்கெட்ச் புக்குலயும் திரும்ப வரைய ஆரம்பிச்சிட்டேன், பேனாவுல, அழிக்க முடியாத மாதிரி.

கிட்டுக்கு மட்டும் மார்க் போட்டா 5க்கு 3. என்ன மாதிரி மாசக்கணக்கா கை ஓடாம இருக்கறவங்க யோசிக்காம வாங்குங்க. கூடவே ஷீட் நாலு எக்ஸ்ட்ராவா ஆர்டர் பண்ணிருங்க, ரெண்டு ஷீட் ஒரு வாரம் கூட தாங்காது.