நானோவுக்கு சைடு ஸ்கூப் வைக்கக் கொடுத்தேன், இருந்த காற்று வழியையும் அடைத்துக் கொடுத்தார்கள்

கோவையில் ஸ்கூப் (வெளிக்காற்றைப் பிடித்து உள்ளே விடுகிற வாய்), டக்ட் (அந்தக் காற்று போகிற வழி), பாடி கிட் என்று ஃபைபர் வேலைக்கு வண்டியை விடப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 14,500 ரூபாய். அது போனால் போகட்டும், அம்மாவை வைத்துக்கொண்டு மலை ஏறும்போது பாதி வழியில் வண்டி சூடேறி நின்றதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

என் வண்டி 2013 டாடா நானோ. அப்பா வாங்கியது, அவர் போன பிறகும் விற்க மனம் வரவில்லை. நானோவில் 624 சிசி இன்ஜின் பின்னால் இருக்கிறது, பின் சீட்டை மடக்கி மூடியைக் கழற்றினால்தான் கண்ணிலேயே படும். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் ஒரு காற்றுத் துளை இருக்கும். நிறைய பேர் அதை அழகுக்கு வைத்தது என்று நினைக்கிறார்கள். இல்லை, இன்ஜின் அறைக்குக் காற்று போகிற வழி அது. சித்திரை வெயிலில் ஓட்டினால் பின் சீட்டில் உட்காருபவர்களுக்கு முதுகில் சூடு தெரிகிறதே, அந்தத் துளையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு ஸ்கூப் வைத்தால் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே போகுமே என்று யோசித்தேன்.

ஒரு பாடி ஷாப்பில் கேட்டேன். பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். "பண்ணிடலாங்ணா, நாகா டக்ட் மாதிரியே பண்ணித் தர்றோம், உள்ள பைப் போட்டு இன்ஜின் வரைக்கும் கொண்டு போயிடுவோம்" என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு படமும் அனுப்பினார், ஸ்கூப்புக்குப் பின்னால் அலுமினிய ஃபிளெக்சிபிள் பைப் பளபளவென்று இருந்தது. என் வண்டியே அப்போது அங்கே இல்லை, அது வேறு யாருடையதோ என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அட்வான்ஸ் 8,000 ஜிபே செய்தேன். வியாழக்கிழமை விட்ட வண்டியை ஞாயிற்றுக்கிழமை எடுத்து, மீதியையும் கொடுத்தேன். பெயின்ட் நன்றாகவே இருந்தது. பில் கேட்டதற்கு ஒரு துண்டுத் தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் குன்னூரில் ஒரு வீட்டு விசேஷம். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறில் ஏற ஆரம்பித்து, பர்லியாறு வருவதற்குள் சூட்டுக்கான சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. எத்தனையோ தடவை இதே வண்டியில் இதே மலையை ஏறியிருக்கிறோம், ஒரு நாளும் எரிந்ததில்லை. ஓரமாக நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். அப்படியே திருப்பி, மெல்ல இறங்கி வந்துவிட்டோம். விசேஷத்துக்குப் போகவில்லை.

மேட்டுப்பாளையத்தில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் பின்னால் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்கூப்பின் வாயில் பிடித்தார். உள்ளே காற்று போகிற வழி இருந்தால் புகை உள்பக்கம் சாயவேண்டும். சாயவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போனது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

ஸ்கூப்பை நெம்பி எடுத்தால், டபுள் டேப்பும் சிலிக்கோனும்தான். கம்பெனி கொடுத்த கிரில்லைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை மேலேயே ஃபைபர் தகட்டை வைத்து ஓரமெல்லாம் பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள். வெளியே தெரிகிற கறுப்பு வலை அந்தத் தகட்டின் மேல் ஒட்டியது. இடது பக்கம் பேனலையும் கிரைண்டரால் ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, வெட்டிய ஓரத்துக்கு ப்ரைமர்கூட அடிக்காமல் விட்டிருந்தார்கள், அதில் விரல் வைத்தால் துரு ஒட்டியது. அந்த அலுமினிய பைப் கையளவு நீளத்தில் ஒரு துண்டு, எதிலும் சேராமல் உள்ளே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பட்டறைக்காரருக்கு ஃபோன் செய்தேன். "மலை ஏறினா எல்லா வண்டியும் சூடாகுங்ணா" என்றார். கழற்றும்போது எடுத்த படங்களை நான் அனுப்பிய பிறகு ஃபோனை எடுப்பதே இல்லை.

இதற்கப்புறம் நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஸ்கூப் என்பது துளையின் அளவு மட்டும் இல்லை. காரின் பக்கவாட்டில் உடம்போடு ஒட்டி வருகிற காற்று வேகம் குறைந்தது, அதனால் தட்டையாக ஒட்டிய ஸ்கூப்புக்குள் அது சுலபமாக நுழையாது. நுழைந்தாலும், சூடான காற்று வெளியே போக வழி இல்லை என்றால் புதுக் காற்று வராது. வண்டி வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் ஸ்கூப்பின் வாயில் காற்றின் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அறுபதில் போகும்போது கிடைப்பது மலையில் இருபதில் ஏறும்போது கிடைக்காது, அங்கே வேலை செய்வது ஃபேன்தான். அவர் சொன்ன நாகா டக்ட் 1940களில் அமெரிக்காவில் விமானத்துக்காக உருவாக்கியது, அது உடம்போடு சமமாக உள்ளே இறங்கும், வெளியே புடைக்கவே புடைக்காது. புடைத்த ஒன்றைக் காட்டி நாகா டக்ட் என்று சொல்கிறவருக்கு அது என்ன என்றே தெரியாது என்று அர்த்தம்.

ஆகவே யாராவது செய்வதாக இருந்தால், பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள், துளை வழியாக உள்ளே கை போகிறதா, பைப் எங்கே முடிகிறது என்று நீங்களே பாருங்கள். வண்டியை எடுக்கும்போது ஊதுபத்தி வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பின் பக்கப் பேனல் போல்ட் போட்டது இல்லை, வெல்டிங் செய்தது. அறுத்துவிட்டால் அறுத்ததுதான்.

இன்னொன்றும் எனக்கு முன்னாலேயே தெரியாமல் போனது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. "ஆர்டிஓ பிரச்சினை எதுவும் வராது" என்று பட்டறைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள், முதலில் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, கழற்றும்போது எடுத்த வீடியோ எல்லாம் என்னிடம் இருக்கிறது. நல்ல வேளையாக மெக்கானிக் ஒவ்வொன்றையும் படம் எடுக்கச் சொன்னார்.

இப்போது வண்டி வீட்டில் நிற்கிறது, துளை திறந்தபடி இருக்கிறது. பழைய கிரில்லைக் கேட்டால் தூக்கிப் போட்டுவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நானோ உற்பத்தி 2018இலேயே நின்றுவிட்டதால் கேட்ட கடைகளில் கிடைக்கவில்லை. உக்கடத்திலோ வேறு எங்காவதோ 2013 நானோவின் பக்கவாட்டு கிரில், இடது வலது இரண்டும், யார் கண்ணிலாவது பட்டால் தயவுசெய்து சொல்லுங்கள்.