அந்த நியான் கலர் ஷூட்டர் கேமுக்குக் காசு போடாதீர்கள்

மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட் பக்கம் கேம் ஆடுகிற தம்பிகளுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன், மற்றவர்களும் படிக்கலாம். இப்போது தள்ளுபடியில் ஒரு ரெட்ரோ ஷூட்டர், அதாவது பழைய பாணியில் செய்த துப்பாக்கிச் சண்டை கேம், எல்லார் கண்ணிலும் படுகிறது. ஊதாவும் பச்சையுமாக நியான் வெளிச்சம், மழையில் நனைந்த தெரு, கையில் பெரிய இரட்டைக்குழல் ஷாட்கன். பெயரைப் போடவில்லை, ட்ரெய்லர் பார்த்தவர்களுக்குப் புரியும். வாங்காதீர்கள்.

52 வெள்ளி (ரிங்கிட்) போனது ஒரு பக்கம். எங்கள் தோட்டத்து வீட்டுக்கு ஃபைபர் லைன் கிடையாது, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில்தான் 14 ஜிபி இறக்கினேன், அந்த மாத டேட்டா முழுக்க அதற்கே போய், அம்மா சீரியல் பார்க்க முடியாமல் எனக்கு விழுந்த திட்டு தனிக் கணக்கு.

அழகைக் குறை சொல்ல மாட்டேன். சுட்டதும் சிவப்புத் தோட்டா உறைகள் இரண்டும் துள்ளி விழுந்து ஈரத் தரையில் உருளும், அதில் கடை விளக்கின் பச்சை பளிச்சென்று தெரியும். வரைந்தவர் கையைப் பிடித்துப் பாராட்டலாம். ஆனால் அதே ஷாட்கனால் பக்கத்தில் நிற்கிறவனை மூன்று தடவை சுட்டாலும் அவன் அசையாமல் நடந்தே வருகிறான். கூட உட்கார்ந்து பார்த்த அக்கா மகன், "மாமா, அவனுக்கு வலிக்கவே வலிக்காதா?" என்று கேட்டான். அவன் கேட்டதுதான் இந்தக் கேமின் முழுக் கோளாறு.

இந்தப் பாணிக்கு முன்னோடியான டூம் கேம் 1993-இல் வந்தது. அதில் குண்டு பட்டால் எதிரி பல சமயம் துடித்து நிற்பான், அவன் அடிக்க வந்த அடியும் தடைபடும். இம்ப் என்கிற பூதம் எறிகிற நெருப்புப் பந்து கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் வரும், பக்கவாட்டில் ஓடித் தப்பிக்கலாம், நல்ல இடத்தில் நின்றால் அது இன்னொருத்தன் மேல் பட்டு அவர்களே அடித்துக்கொள்வார்கள். யாரை முதலில் முடிப்பது, எங்கே நிற்பது என்று மண்டை ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே எல்லாருமே தூரத்திலிருந்து சுடுகிறார்கள், சுட்ட அந்த நொடியே நமக்குப் படுகிறது, ஒதுங்க வழியில்லை. தூணுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து சுட வேண்டியதுதான். அப்புறம் இதற்கு எதற்கு ரெட்ரோ என்று பெயர்?

இரண்டாவது லெவலிலிருந்து அந்த அழகும் போய்விடுகிறது. ஒரே சாம்பல் நிறக் காரிடார், கதவு பூட்டிக்கொள்ளும், இருபது பேர் வருவார்கள், கதவு திறக்கும், அடுத்த அறையிலும் அதேதான். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கூடையின் மேலே மட்டும் சிவப்பாக அடுக்கி வைக்கிற ரம்புத்தான் கதை. இலவச டெமோவில் கொடுத்திருப்பதும் அந்த முதல் லெவலை மட்டும்தான், அதனால் டெமோ ஆடிப் பார்த்து வாங்கினாலும் ஏமாறத்தான் செய்வீர்கள்.

காசைத் திருப்பி வாங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் திருப்பிக் கேட்கலாம். இந்தக் கேமில் தாண்டிப் போக முடியாத கதைக் காட்சிகள், ட்யூட்டோரியல், அந்தப் பளபள முதல் லெவல் எல்லாம் சேர்ந்தே அந்த நேரத்தைத் தின்றுவிடுகின்றன. கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் கணக்கு ஓடும். வேண்டுமென்றே இப்படிச் செய்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். ஏற்கெனவே வாங்கியிருந்தால் முதல் லெவலை ஓட்டமாக முடித்து, இரண்டாவதில் பத்து நிமிடம் ஆடிவிட்டு முடிவு பண்ணுங்கள்.

இந்தப் பாணிதான் பிடிக்கும் என்றால் 2018-இல் வந்த டஸ்க் இருக்கிறது, பார்க்கக் கரடுமுரடாக இருக்கும், ஆடினால் விட மனம் வராது. 1996-இன் டியூக் நியூகம் 3டி ஓடிய அதே பில்ட் எஞ்சினில் (கேமை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள்) செய்த அயன் ஃப்யூரியும் இருக்கிறது. காசே வேண்டாம் என்றால் டூம் மாதிரியே ஆடுகிற ஃப்ரீடூம் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும், டேட்டாவும் அதிகம் தின்னாது.

கேம் செய்தவர்களுக்கு இதையெல்லாம் எழுதிக் கேட்டேன். அடுத்த அப்டேட்டில் கவனிக்கிறோம் என்று பதில் போட்டார்கள். அப்டேட்டும் வந்தது. ஷாட்கனுக்கு இரண்டு புதுக் கலர் சேர்த்திருக்கிறார்கள்.