அப்பாவின் கணினியும் என் இரண்டு நாள் லீவும்

பதினைந்து நாள் லீவில் இரண்டு நாளை நெட் தின்றுவிட்டது. குழித்துறை வீட்டில் எல்லார் போனிலும் வைஃபை ஓடுகிறது. விண்டோஸுக்குப் பதில் உபுண்டு போட்ட அப்பாவின் கணினியில் மட்டும் இல்லை.

அப்பா போன மாதம்தான் பழைய போன் லைனை விட்டு ஃபைபருக்கு மாறியிருந்தார். கஸ்டமர் கேரில் எண்களை அழுத்தி அழுத்திக் கடைசியில் கிடைத்த பதில்: 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்.' நான் இருக்கும் ஷார்ஜாவிலும் இதையேதான் சொல்வார்கள், ஆனால் அங்கே எனக்கு இவ்வளவு கோபம் வராது.

நானே உட்கார்ந்தேன். கணினி 192.168.1.50 என்ற பழைய ஐபியிலேயே, அதாவது பழைய நெட் முகவரியிலேயே நின்றது. புது ரவுட்டரோ 192.168.100.1, வேறு வலை. டிஹெச்சிபிக்கு, அதாவது ரவுட்டரே தானாக முகவரி தரும் முறைக்கு மாற்றினேன். எங்கள் பக்கத்தில் தோட்டத்தைப் பாட்டத்துக்குக் கொடுப்பதுபோல ரவுட்டர் தவணை வைத்து ஒரு முகவரி கொடுத்தது. கூகுளின் 8.8.8.8-க்குப் பிங் அடித்தால், அதாவது தட்டிப் பார்த்தால் பதில் வருகிறது, எந்தத் தளத்தின் பெயரைப் போட்டாலும் திறக்கவில்லை. அப்படியென்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாட்டில். டிஎன்எஸ்ஸை எங்கே கேட்பது என்று குறித்திருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 127.0.0.53 (கணினியின் சொந்த முகவரி) என்று இருந்ததை அழித்து 8.8.8.8 எழுதினேன். ஓடியது! ராத்திரி கரண்ட் போய் வந்தது. கணினி எழுந்ததும் மறுபடி 127.0.0.53. அந்தக் கோப்பை உபுண்டுவின் உள்ளே ஓடும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் தானே எழுதிக்கொள்கிறது, என் கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லை. நெட் கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மறுநாள் நெட்டைச் சரிபார்க்கப் பைக்கில் ஒரு பையன் வந்தான். ஷார்ஜாவில் என்றால் அப்பாயின்ட்மென்ட், நான்கு மணி நேர ஸ்லாட், ஷூவுக்கு உறை. இவன் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே செட்டிங்ஸுக்குள் போனான். ஐபி தானியங்கியில்தான் இருந்தது. அதற்குக் கீழே டிஎன்எஸ்ஸுக்குத் தனியாக ஒரு சுவிட்ச், அது ஆஃப். பக்கத்தில் 192.168.1.1, வீட்டை விட்டே போய்விட்ட பழைய ரவுட்டர்.

"இத ஆரு போட்டது அண்ணா?"

நான்தான். போன லீவில், ஷார்ஜாவிலிருந்து இந்தக் கணினிக்குள் நுழைய வசதியாக இருக்கட்டும் என்று இரண்டையும் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனது. பையன் சுவிட்சை ஆன் செய்தான். நிலையான முகவரி வேண்டுமென்றால் ரவுட்டரிலேயே கணினியின் மேக் முகவரிக்கு (கருவியோடு பிறந்த அடையாள எண்) ஒதுக்கிவிடலாம் என்று அதையும் போட்டுக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. அம்மா கொடுத்த கட்டன் சாயாவும் இரண்டு மட்டிப்பழமும் போதுமாம்.

அப்பா பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்: "அப்போ ரெண்டு நாளா நீ ஆரைலே திட்டினே?"