பஞ்ச் நீடில்: மெல்லிய ஊசியா, தடித்த ஊசியா?

பஞ்ச் நீடில் என்பது நூல் கோத்த குழல் ஊசியைத் துணியில் குத்திக் குத்தி, நூல் கண்ணிகளால் (லூப்) வடிவத்தை நிரப்பும் கைவேலை. மெல்லிய ஊசியில் சாதாரண எம்பிராய்டரி நூலே ஓடும். சின்னப் பூ, எழுத்தெல்லாம் துல்லியமாக வரும். ஆனால் நூல் கோக்கத் தனிக் கம்பி வேண்டும். அது அடிக்கடி தொலையும்! தடித்த ஊசிக்குக் கம்பளி நூல், மாங்க்ஸ் கிளாத் போன்ற இடைவெளியுள்ள துணி. குஷன் உறை சீக்கிரம் நிரம்பிவிடும், நுணுக்கம் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

எதுவானாலும் துணி வளையத்தில் மத்தளத் தோல் போல விறைப்பாக இருக்க வேண்டும். கைப்பிடி துணியைத் தொடும்வரை குத்துங்கள். அப்புறம் முனையைத் தூக்காமல், துணியை உரசியபடியே நகர்த்துங்கள். தூக்கினால் பின்னால் விழுந்த லூப் உருவிக்கொண்டு வந்துவிடும்.

என்னைக் கேட்டால் முதலில் தடித்த ஊசிதான். தப்பாகப் போனால் நூலை இழுத்து உருவிவிட்டு, ஓட்டைகளை நகத்தால் தேய்த்து மூடி, அதே இடத்தில் மறுபடி குத்தலாம்.