ஐந்து ரோடு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு: என் தங்கைக்குக் கிடைத்தது என்ன?

காது கேட்காத பிள்ளையைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்கலாமா, சேர்த்தால் வேலை கிடைக்குமா என்று இந்த ஆறு மாதத்தில் என்னிடம் ஐந்தாறு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. என் தங்கை சேலம் ஐந்து ரோடு பக்கத்தில், காது கேளாதோருக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ஒரு மையத்தில் நான்கு மாதம் படித்தாள். இப்போது செவ்வாய்ப்பேட்டையில் வேலைக்குப் போகிறாள். நல்லது, குறை இரண்டையும் சொல்கிறேன்.

எங்களுக்குச் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அப்பா காலத்திலிருந்து இதே தொழில்தான். தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வெளியூர் ஹாஸ்டலில் தங்கி, சிறப்புப் பள்ளியில் பத்தாவது வரை படித்தாள். அப்புறம் ஒன்பது வருஷம் பட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வளையம் கோத்தாள், உருப்படி எண்ணி வைத்தாள். கை சுத்தம், கணக்கு சுத்தம். ஆனால் வெள்ளி விலை ஏறி, வேலை குறையக் குறைய அவளுக்கு வேறு வழி பார்க்க வேண்டியதாகிவிட்டது.

முதலில் வேறொரு கம்ப்யூட்டர் சென்டரில்தான் சேர்த்தோம். சொல்லிக்கொடுத்த பெண் நல்லவர். முன் வரிசையில் உட்காரவைத்து, என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள் என்றார். உதட்டில் எவ்வளவு தெரியும்? கண்ணாடி முன்னால் நின்று ‘படி’, ‘மடி’ என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். ‘க’ தொண்டைப் பக்கமே முடிந்துவிடும், உதட்டுக்கு வரவே வராது. போதாததற்கு அவர் பேசிக்கொண்டே போர்டு பக்கம் திரும்பிவிடுவார். மூன்று மாதம் முடிந்து சர்ட்டிஃபிகேட் வந்தது. வீட்டில் லேப்டாப்பைத் திறந்து, ஒரு ஃபைலை சேவ் பண்ணு என்றேன். தெரியவில்லை. தனக்குப் படிப்பு ஏறாது என்று அவளே முடிவுகட்டிவிட்டது முகத்தில் தெரிந்தது. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சேர்த்த இந்த மையம் ஐந்து ரோட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் முதல் மாடியில் இருக்கிறது. சொல்லிக்கொடுக்கும் சாருக்கும் காது கேட்காது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் படித்தவர். பெற்றோரிடம் பேசுவதற்கு, கேட்கும் திறன் உள்ள ஒரு மேடம் கூட இருக்கிறார். என் அனுபவத்தில் இந்த வகுப்பின் பலம் முழுக்க அந்த சாரிடம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். காது கேட்கும் மாணவன் திரையைப் பார்த்துக்கொண்டே ஆசிரியர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வான். என் தங்கைக்கு இரண்டுக்கும் ஒரே கண்தான். கையைப் பார்த்தால் திரை போய்விடும், திரையைப் பார்த்தால் கை போய்விடும். இதைப் பழைய சென்டரில் யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இங்கே சார் முதலில் பெரிய திரையில் செய்து காட்டுவார். அப்போது அவர் கை பேசாது. அப்புறம் எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு சைகையில் விளக்குவார். அப்புறம்தான் அவர்கள் மவுஸைத் தொடுவார்கள். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் டியூப்லைட் ஸ்விட்சை இரண்டு தடவை அணைத்துப் போடுவார், அல்லது மேஜையில் தட்டுவார். அதிர்வு தெரிந்து திரும்புவார்கள். மேஜைகளையும் வரிசையாகப் போடாமல் சுவரோரம் ‘ப’ வடிவில் போட்டிருக்கிறார்கள். யார் கையும் யாருக்கும் மறையாது. கேள்வி கேட்கும் பிள்ளையின் கையை எல்லாரும் பார்க்க முடிகிறது, அதனால் ஒருவர் சந்தேகம் எல்லாருக்கும் தீர்கிறது.

தப்பான இடத்தில் அழுத்தினால் கம்ப்யூட்டர் ‘டிங்’ என்று சத்தம் போடுமே, அது இவர்களுக்குத் தெரியாது. சத்தத்துக்குப் பதிலாகத் திரை மின்னும்படி விண்டோஸ் செட்டிங்ஸிலேயே வசதி உண்டு. சார் முதல் நாளே அதைப் போட்டுக் காட்டினார். வீட்டு லேப்டாப்பில் எனக்கு அதைப் போட்டுக்கொடுத்தது தங்கைதான்.

தமிழ் டைப்பிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் ஆங்கில எழுத்தில் உச்சரிப்பை அடித்துத் தமிழ் வரவைக்கிறோம். அதற்கு அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று தெரிய வேண்டும். ஒலியையே கேட்டிராத பெண் எதை வைத்து அடிப்பாள்? பழைய சென்டரில் அவள் திணறியதற்குக் காரணம் எனக்கு இங்கே வந்துதான் விளங்கியது. இங்கே 1999-இல் வந்த தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுத்தருகிறார்கள். உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது பக்கம். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசை போதும். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். கண்ணால் பார்த்த எழுத்து அப்படியே விரலுக்கு வருகிறது, நடுவில் ஒலி வேண்டியதில்லை. மூன்றாவது வாரம் அவள் பட்டறையில் இருந்த பழைய காலண்டர் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த வரிகளை ஒன்றுவிடாமல் அடித்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆனால் எழுத்து அடிப்பது வேறு, வாக்கியம் எழுதுவது வேறு. சைகை மொழியில் ‘ஐ’, ‘க்கு’, ‘இல்’ மாதிரி உருபுகள் கிடையாது. யார் யாருக்குச் செய்தார் என்பதைக் கை போகும் திசையே காட்டிவிடும். அதனால் தங்கை எழுதும்போது ‘நான் கடை அம்மா பணம் கொடுத்தேன்’ என்று எழுதுவாள். பணத்தைக் கொடுத்தது அம்மாவிடமா, அம்மாவுக்காகக் கடையிலா என்று நமக்குப் புரியாது. நாங்கள் வீட்டில் இதைப் படிப்பில்லாத குறை என்றே நினைத்திருந்தோம். அந்த மேடம்தான் இது இரண்டு மொழிக்கு நடுவில் வரும் சிக்கல் என்று விளக்கினார். தினமும் கடைசி அரைமணி நேரம் கடிதம் எழுதுவதுதான். லீவு லெட்டர், பேங்குக்கு ஒரு வேண்டுகோள், முதலாளிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி. உருபுகளைச் சிவப்பு மையில் அட்டைகளில் எழுதிவைத்து, விட்டுப்போன இடத்தில் அந்த அட்டையை ஒட்டச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் வகுப்பில் இதைச் செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேலைக்கு அவளுக்கு அதிகம் உதவியதும் இந்த அரைமணி நேரம்தான்.

எக்ஸெல் அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. அதில் மொழி குறைவு, கணக்கு அதிகம். சார் அவரவர் வீட்டுத் தொழிலைக் கேட்டு அதிலிருந்தே பாடம் எடுக்கிறார். எங்களுக்கு வெள்ளி என்பதால் எடை, டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு), சுத்த வெள்ளி என்று மூன்று பத்தி போடச் சொன்னார். 250 கிராம் கொலுசு, 80 டச் என்றால் சுத்தம் 200 கிராம். எடையை டச்சால் பெருக்கி நூறால் வகுக்கும் ஃபார்முலாவை ஒரு தடவை போட்டு, கீழே இழுத்துவிட்டதும் நாற்பது வரிக்கும் விடை வந்து நின்றது. அப்பா நோட்டில் பென்சிலால் போட்ட கணக்கு அது. சின்ன வயதில் அவர் தோளுக்குப் பின்னால் நின்று அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மீசையை முறுக்கிக் காட்டினாள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அதுதான் சைகை. அப்புறம் லேப்டாப்பைக் காட்டினாள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். மழைக்காலத்தில் ஒரு நாள் கரண்ட் போனது. யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர்கள் ஓடின, ஆனால் டியூப்லைட்டுக்கு அந்த இணைப்பு இல்லை. வெளியே மேகமூட்டம், உள்ளே இருட்டு. கை தெரியவில்லை என்றால் இவர்களுக்கு வகுப்பே இல்லை. முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்ன பிறகு ஒரு எமர்ஜென்சி லைட் வாங்கி மாட்டினார்கள். ஒன்று போதாது, குறைந்தது இன்னும் இரண்டு வேண்டும். கம்ப்யூட்டர் எட்டு, மாணவர்கள் பதின்மூன்று பேர். இருவர் ஒன்றில் உட்கார்ந்தால் ஒருவர் கைதான் பழகுகிறது.

பெரிய குறை ஆங்கிலம். தமிழ்நாட்டில் காது கேட்காத மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. என் தங்கை தமிழை மட்டும் எழுதித்தான் பத்தாவது முடித்தாள். அந்தச் சலுகை இல்லாவிட்டால் பாஸாகியிருக்க மாட்டாள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மெனுவில் இருக்கும் ஆங்கிலச் சொல் அவளுக்கு வெறும் படம். இடம் மாறினால் கண்டுபிடிக்க முடிவதில்லை. டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்களோடு ஒரு வீடியோ அகராதி கொண்டுவந்திருக்கிறது. அதிலிருந்து தினம் பத்துச் சொல் எடுத்தாலே நான்கு மாதத்தில் தேவையானது வந்துவிடும். இங்கே அதை எப்போதாவதுதான் போட்டுக் காட்டுகிறார்கள்.

இன்னொன்று. இவர்கள் தரும் சர்ட்டிஃபிகேட் தனியார் வேலைக்குக் காட்டத்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் கேட்கும் திறன் குறைந்தோருக்கும். இதை வகுப்பில் நன்றாகவே விளக்கினார்கள். ஆனால் அரசுத் தட்டச்சர் வேலைக்குத் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் தட்டச்சுத் தேர்வு பாஸாகியிருக்க வேண்டும். தட்டச்சு இயந்திரத்தின் தமிழ் விசை அமைப்பு வேறு, தமிழ்99 வேறு. அரசு வேலையை மனதில் வைத்திருப்பவர்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலும் சேர வேண்டியிருக்கும். இதைச் சேரும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

வேலை வாங்கித் தருகிறோம் என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. மேடம் கடை கடையாக எங்களோடு வந்தார். நான்கு இடத்தில் ‘போன் வந்தால் யார் எடுப்பது?’ என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவதாகப் போனது ஒரு மொத்த வியாபார வெள்ளிக்கடை. இரண்டு நாள் வந்து செய்து காட்டட்டும் என்றார் முதலாளி. முதல் நாளே 300 உருப்படிக்கு எடை போட்டு, டேக் அடித்து, ஸ்டாக்கில் ஏற்றினாள். இப்போது அங்கே ஐந்து மாதமாகிறது. முதலாளி போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் வைத்திருக்கிறார். அவர் பேசினால் தமிழில் எழுத்தாக வருகிறது. கடையில் சத்தம் இருக்கும்போது எண்கள் தப்பாக விழுந்துவிடும், அதனால் எடையையும் டச்சையும் துண்டுச் சீட்டில்தான் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று தங்கையே ஒரு விதி வைத்திருக்கிறாள். கடையில் எல்லாரும் அதன்படிதான் நடக்கிறார்கள்.

ஏற்காட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். காபித் தோட்ட வேலை செய்யும் குடும்பம். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, மதியம் ஏறிப் போவான். பனி இறங்கும் நாட்களில் பஸ் தாமதமாகும். அவனுக்காகப் பத்து மணி வகுப்பைப் பத்தரைக்கு மாற்றினார் சார். தன்னைப்போல் காது கேட்காத ஒருவரைக்கூட அவன் ஊரில் பார்த்ததில்லையாம். முதல் வாரம் பாடத்தைவிட மற்றவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று தங்கை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தாருக்கு ஒரு மணி நேரம் சைகை வகுப்பு உண்டு. நான் அரைமனதோடுதான் போனேன், கொலுசு வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. இருபத்தைந்து வருஷமாக நாங்கள் அவளிடம் சாப்பிடு, தூங்கு, வா, போ என்பதற்கு மேல் எதுவும் பேசியதில்லை என்பது அங்கே போய்த்தான் எனக்கு உறைத்தது. ஏழாவது ஞாயிறு வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்று அவள் ஒன்று கேட்டாள். 2014-இல் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவளுக்குப் பதினாறு வயது. ஹாஸ்டலிலிருந்து கூட்டிவந்தோம். என்ன நோய் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மாலை போட்டு வைத்திருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாளாம். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த சைகையை வைத்து, நெஞ்சைத் தொட்டு, ரத்தக் குழாய் அடைத்ததைச் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். இரண்டு தடவையும் சொன்னேன். இரண்டு டவுன் பஸ் போனது, நாங்கள் ஏறவில்லை.

அடுத்த பேட்ச் தைப் பொங்கல் முடிந்து தொடங்குகிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஜெராக்ஸ், இரண்டு போட்டோ, பத்தாவது மார்க் ஷீட் எடுத்துப்போங்கள். பத்தாவது முடிக்காதவர்களையும் சேர்க்கிறார்கள். கட்டணம் மாதம் 600 ரூபாய், முடியாதவர்கள் மேடத்திடம் சொன்னால் குறைத்துக்கொள்கிறார்கள். ஞாயிறு வகுப்புக்குத் தனியாகப் பணம் இல்லை. சேர்க்கும் நாளிலேயே வீட்டிலிருந்து யார் அதற்கு வருவது என்று முடிவுசெய்து, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.