பெயர் சொல்லும் கருவியை நம்பி ஒரு முறை, நம்பாமல் ஒரு முறை: டொமைன் வாங்கிய அனுபவம்

கையால் தைத்த நோட்டுப் புத்தகங்களை இணையத்தில் விற்கிறேன். மூன்று வருடத்தில் இரண்டு முறை டொமைன் பெயர், அதாவது இணையதள முகவரி, வாங்கியாயிற்று. முதல் முறை, டொமைன்களைப் பதிந்து தரும் நிறுவனம் ஒன்று தன் தளத்திலேயே வைத்திருக்கும் பெயர்ப் பரிந்துரைக் கருவியை முழுக்க நம்பினேன். இரண்டாம் முறை அதே கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு, அது சொன்ன ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்து வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் முயன்று பார்த்த வேறு இரண்டு இடங்களிலும் கருவி இப்படித்தான் இருந்தது.

என்ன விற்கிறோம் என்று இரண்டு மூன்று சொற்களில் தட்டினால், யாரும் எடுக்காத பெயர்களை வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மதிப்பெண். அன்று முதலிடத்தில் வந்தது, சிறந்த, கைவினை, நோட்டு, ஆன்லைன் என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்கள், இடையில் மூன்று ஹைஃபன்கள், கடைசியில் டாட் காம். தேடலுக்கு மிக ஏற்றது என்று பச்சை நிறத்தில் எழுதியிருந்தது. மக்கள் தேடும் சொற்களே பெயரில் இருந்தால் கூகுளில் முதலில் வருவோம் என்று நானும் நினைத்தேன். பத்து நிமிடத்தில் வாங்கிவிட்டேன்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. தேடும் சொல்லும் டொமைன் பெயரும் அப்படியே பொருந்தினால் தரமில்லாத தளங்கள்கூட மேலே வந்துகொண்டிருந்தன. 2012 செப்டம்பரில் கூகுள் அதைக் குறிவைத்தே தன் தரவரிசை முறையை மாற்றியது. கருவியின் மதிப்பெண் இன்னும் அதற்கு முந்தைய காலத்திலேயே நிற்கிறது.

கூகுள் தேடலில் என்ன தட்டி எத்தனை பேர் நம் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் சர்ச் கன்சோலில், என் தளத்தின் முதல் வருடக் கணக்கைப் பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. வந்த கிளிக்குகளில் பெரும்பகுதி, நோட்டு மேசைமேல் தட்டையாக விரிய எப்படித் தைக்க வேண்டும் என்று நான் எழுதிய ஒரே ஒரு கட்டுரைக்கு. பெயரிலிருந்த நான்கு சொற்களால் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதைவிட வருத்தம், ஒருமுறை வாங்கியவர்கள் மறுபடி என்னைத் தேடியபோது நடந்தது. அந்த நான்கு சொற்களைத் தட்டினால் பெரிய கடைகள்தான் வரிசையாக வரும். எல்லாருக்கும் பொதுவான சொற்களை என் பெயராக வைத்திருந்தேன். என்னைத் தேடுகிறார்கள் என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் தொலைபேசி. மொத்தமாக நோட்டு கேட்ட ஒருவருடன் பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

“வெப்சைட் பேர் சொல்லுங்க மேடம்.”

நான்கு சொற்களையும் சொல்லி, நடுவில் ஒவ்வொரு கோடு என்றேன்.

“கீழ்க்கோடா?”

“இல்லைங்க, நடுக்கோடு. ஹைஃபன்.”

“எல்லாத்துக்கும் நடுவிலயா? கடைசிச் சொல்லுக்கு அப்புறமும் உண்டா?”

கடைசியில், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள் என்று வைத்துவிட்டார். இது பரவாயில்லை. இன்னொரு வாடிக்கையாளர் தன் மகளின் திருமணத்துக்காக நாற்பது நோட்டுகள் கேட்டு, ஹைஃபன் இல்லாத முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். அந்தப் பெயர் வேறு யாரிடமோ இருந்தது. அதனால் மின்னஞ்சல் திரும்பி வரவும் இல்லை. ஒன்பது நாள் காத்திருந்துவிட்டு அவர் வேறிடம் போய்விட்டார். அன்றுதான் பெயரை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் முறை, முதலில் நான் ஆசைப்பட்ட பெயர் ‘ஏடு’. நோட்டுக்கு இதைவிட அழகான சொல் தமிழில் கிடையாது. ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். ‘இ’ ஒன்று போட்டால் பல்கலைக்கழகங்களின் முகவரி முடியும் மூன்று எழுத்தாகிவிடுகிறது. இரண்டு ‘இ’ போட்டால் பாதிப்பேர் ‘ஈடு’ என்று படிக்கிறார்கள். முன்னால் ‘ஒய்’ சேர்ப்பவர்களும் உண்டு. சரி, தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கலாமே என்று பார்த்தேன். வைக்கலாம், தொழில்நுட்பம் அனுமதிக்கிறது. ஆனால் உள்ளுக்குள் அந்தப் பெயர் எக்ஸ், என், இரண்டு கோடுகள் என்று தொடங்கும் புரியாத எழுத்துக்கோவையாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கிறது. சில செயலிகளில் ஒட்டும்போது அந்தக் கோவைதான் தெரிகிறது. பார்த்தால் ஏதோ மோசடி இணைப்பு மாதிரி இருக்கிறது. என் மொழியில் எழுதிய பெயர் இப்படித் தெரிவது எனக்குப் பெரிய வருத்தம்.

கருவியிடம் தமிழ்ச் சொல் கொடுத்தால் அது திணறுகிறது. ழகரம் வரும் சொல்லைக் கொடுத்தேன். இசட் ஹெச் போட்டும், வெறும் எல் போட்டும் எழுதுகிற பழக்கம் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. ‘வழி’ என்று வைத்தால் நம்மில் பலர் ‘வலி’ என்றுதான் தட்டுவார்கள். இதைக் கருவி சொல்லாது, நாம்தான் மனிதர்களிடம் கேட்க வேண்டும். ஐந்து பெயர்களைத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டு பேருக்கு ஃபோன் செய்து, பெயரைச் சொல்லி, எழுத்துக்கூட்டாமல் அப்படியே தட்டி அனுப்பச் சொன்னேன். அத்தை முதல் கல்லூரி படிக்கும் தம்பி வரை. ‘மை’ என்று தொடங்கிய பெயரை ஏழு பேர் ‘என்னுடைய’ என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லாக எழுதினார்கள். நெடில் வந்த பெயர்கள் எல்லாம் சிதறிப்போயின. குறில் மட்டுமே கொண்ட இரண்டு சிறு சொற்கள் சேர்ந்த ஒரு பெயரை மட்டும் பதினொரு பேர் ஒரே மாதிரி அனுப்பினார்கள். அதைத்தான் எடுத்தேன். பன்னிரண்டாமவர் எழுதிய தவறான வடிவத்தையும் வாங்கி, சரியான முகவரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு பெயரில் கிட்டத்தட்ட மாட்டியிருப்பேன். கருவி அதை முதலில் காட்டியது. சிறியது, அழகானது, காலியாகவும் இருந்தது. இவ்வளவு நல்ல பெயர் ஏன் காலியாக இருக்கிறது என்று தோன்றவே, வேபேக் மெஷினில் போட்டுப் பார்த்தேன். இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் சேமித்துவரும் பழைய இணையப் பக்கங்களை இலவசமாகக் காட்டும் சேவை இது. நாட்காட்டியில் வட்டமிட்ட தேதிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதல் சில வருடம் ஒரு தோட்டக்கலைத் தளம். அதன்பின் இரண்டு வருடம் வெற்றிடம். பிறகு பக்கம் பக்கமாகச் சூதாட்ட விளம்பரங்கள். அந்தப் பெயரை நோக்கி எங்கெங்கிருந்தோ தரப்பட்ட இணைப்புகளும், கூகுளிடம் அது வாங்கியிருக்கக்கூடிய தண்டனையும் என் தலையில் வந்து விழுந்திருக்கும். இந்தச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். டொமைன் வாங்கும் எவரும் பணம் கட்டுவதற்கு முன் அரை மணி நேரம் இங்கே செலவிட வேண்டும்.

முகவரியின் கடைசியில் டாட் காமுக்குப் பதிலாகப் போடப் புதுப்புது ஈறுகளையும் கருவி தள்ளிக்கொண்டே இருக்கும். டாட் ஷாப், டாட் ஸ்டோர், டாட் ஆன்லைன் என்று. ஈறு எதுவானாலும் பொதுவான ஈறுகளைத் தரவரிசையில் ஒன்றுபோலவே பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. எனக்குப் பிரச்சினை மனிதர்களிடம்தான். டாட் ஷாப் என்று சொன்னால் அதற்குப் பின்னாலும் டாட் காம் சேர்த்துத் தட்டுகிறார்கள். ஓவர்ஸ்டாக் என்ற அமெரிக்கக் கடை 2011இல் ஓ டாட் கோ என்று தன்னை அழைத்துக்கொண்டது. பலர் ஓ டாட் காம் என்று தட்டிப் பார்த்தார்கள், கடை பழைய பெயருக்கே திரும்பியது.

பதிவுச் சேவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிவு உடனே நடந்தது, உரிமையாளர் விவரங்களை வெளியே தெரியாமல் மறைத்துத் தந்தார்கள், பெயரை நம் தளத்தோடும் மின்னஞ்சலோடும் இணைக்கும் டிஎன்எஸ் பக்கம் தெளிவாக இருக்கிறது. குறை, முதல் வருடக் கட்டணத்தைப் பெரிதாகப் போட்டு, அதைவிடப் பல மடங்கான ரினிவல் கட்டணத்தைக் கூடைப் பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் வைத்திருப்பது. ‘பிரீமியம்’ என்று குறியிட்ட பெயர்களில் சிலவற்றுக்கு ஒவ்வொரு வருடமும் அதே உயர்ந்த கட்டணம்தான். வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றாலும், டாட் காம் போன்றவற்றில் பதிவு செய்த முதல் 60 நாள் மாற்ற விடமாட்டார்கள். அதனால் கூடைப் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

பழைய முகவரியின் ஒவ்வொரு பக்கத்தையும் 301 எனப்படும் நிரந்தரத் திருப்பல் முறையில் புதிய முகவரிக்குத் திருப்பினேன், சர்ச் கன்சோலிலும் முகவரி மாற்றத்தைப் பதிந்தேன். இந்தத் திருப்பலைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் பழைய பெயரை இன்னும் ரினிவல் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆறு வாரம் வருகை குறைந்தது, பிறகு பழைய நிலைக்கு வந்தது. இப்போது சர்ச் கன்சோல் காட்டும் தேடல் சொற்களின் பட்டியலில் என் கடைப் பெயர் இரண்டாவது வரியில் இருக்கிறது. முதல் வரியில் இன்னமும் அந்தத் தையல் கட்டுரைக்கான தேடல்தான்.

பரிந்துரைக் கருவிக்கு ஐந்துக்கு இரண்டு. எந்தப் பெயர் காலி என்று பார்க்க மட்டும் இன்னும் திறக்கிறேன்.