கோஹா நூலக மென்பொருள்: ஒரு கொட்டாஞ்சேனை வாசிகசாலையின் நாலு வருஷப் பாவனை

எங்கள் வாசிகசாலை ஜெம்பட்டா வீதிப் பக்கம், ஒரு நகை அடைவு கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. 6,840 புத்தகம், 312 அங்கத்தவர், ஓயாத ஒரு தண்ணீர் மோட்டார் சத்தம். நான் அங்கே சம்பளமில்லாத நூலகர். கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் 27 வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பதிவேடு என்றால் எனக்கு ஒரு பைத்தியம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் வேலை என் தலையில் விழுந்தது.

2021 நடுப்பகுதியில் கோஹாவுக்கு மாறினோம். இரண்டு விதமாகவும் பாவித்திருக்கிறேன்: முதலில் ஒரு கொம்பனி மூலம், பிறகு எங்கள் சொந்தக் கணினியில். இரண்டும் ஒரே மென்பொருள்தான். ஆனால் அனுபவம் வேறு வேறு.

மென்பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற மாவட்டத்தின் நூலக அறக்கட்டளை, 2000ஆம் ஆண்டு பிறந்தால் தங்கள் பழைய கணினி அமைப்பு படுத்துவிடும் என்று பயந்து, கட்டிப்போ என்ற சிறு நிறுவனத்தைக் கொண்டு எழுதுவித்தது இது. 2000 ஜனவரி 3 அன்று வேலைக்கு வந்தது. எழுதிய நிரலைப் பூட்டி வைக்காமல், யாரும் பாவிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. ஆனால் சும்மா தூக்கிக் கொடுக்கும் அன்பளிப்பு அல்ல, வாங்கியவர் ஒரு நாள் திருப்பிச் செய்வார் என்ற முறை அதில் உண்டு. நம்முடைய மொய் மாதிரி. கொப்பியில் எழுதாத மொய்.

அன்றாட வேலைக்கு நல்ல சாமான். பார்கோடைக் காட்டினால் புத்தகம் அங்கத்தவர் பேரில் ஏறிவிடும். ஆங்கிலப் புத்தகம் என்றால் ஐஎஸ்பிஎன் இலக்கத்தை அடித்தால் போதும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து முழு விவரமும் வந்து உட்காரும். தமிழ்ப் புத்தகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கிருந்து சில தமிழ் நூல் விவரங்கள் வந்தாலும் தலைப்பு பெரும்பாலும் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் புள்ளியும் கோடுமாக வரும். எங்கள் அங்கத்தவர் ஒருவருக்கும் அதை வாசிக்க முடியாது. ஆகவே தமிழ் முழுக்கக் கையால்தான். எழுத்தாளர் பெயரில் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கிறது படிவம். முன்னெழுத்து அப்பாவின் பெயர், பின்னால் வருவது இவருடைய பெயர், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பதை எந்தப் பெட்டியில் எழுதுவது?

எங்களிடம் இருந்த பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், இலங்கையில் அச்சகம் வைத்திருந்த எவருக்கும் அந்தத் தலைவலி தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட்டுக்கு மாற்றி ஏற்றினோம். ஏற்றிய பிறகு 'மலையகம்' என்று தேடினால் ஒன்றுமில்லை என்றது. கண் முன்னே இறாக்கையில் அத்தனை புத்தகம் நிற்கிறது, திரையில் பூச்சியம். தேடலுக்கு உள்ளே இருக்கும் ஸெப்ரா என்ற இயந்திரம் தமிழை ஒழுங்காகப் பிரிக்க, ஐசியூ என்ற அமைப்புக்கு மாற்றி, அட்டவணையை மறுபடி கட்ட வேண்டுமாம். ஐசியூவில் போட்டதும் பிழைத்துக்கொண்டது. தமிழ் நூலகம் வைத்திருப்பவர்கள் முதல் நாளே இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் போயா, எங்கள் பௌர்ணமி விடுமுறை. திருப்பிக் கொடுக்கும் திகதி விடுமுறையில் விழாமல் இருக்க கோஹாவில் ஒரு நாட்காட்டி உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று ஒரு தடவை சொன்னால் போதும், நத்தாரும் அப்படியே. பௌர்ணமி அப்படி வராதே. ஒவ்வொரு டிசம்பரிலும் கலண்டரைப் பக்கத்தில் வைத்து அடுத்த வருஷப் போயா முழுவதையும் ஒவ்வொன்றாக ஏற்றுகிறேன். இரண்டு பிளேன்டீ வேலை.

இனி வயிறெரிந்த கதை.

முதலில் எங்களுக்கு இதைத் தந்த கொம்பனியின் பெயர் வேண்டாம். தங்கள் சேர்வரில் வைத்து நடத்தித் தருவார்கள், வருஷத்துக்கு 45,000 ரூபா. நியாயமான காசு என்றுதான் நினைத்தோம். 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்த நேரத்தில் அவர்களிடமிருந்து ஒரு பில்: 110,000 ரூபா. சேர்வர் வாடகை டொலரில், அது ஏறியதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பில்லில் அது தனியாக, சின்னத் தொகையாக இருந்தது. பெரிய தொகைக்கு எதிரே இருந்த சொல் 'லைசென்ஸ் கட்டணம்'.

போன் எடுத்தேன். "தம்பி, கோஹாவுக்கு லைசென்ஸ் காசு கிடையாதே" என்றேன்.

"அது எங்கட தனி வேர்ஷன் அங்கிள். டொலர் ஏறினா லைசென்ஸும் ஏறும்தானே."

சரி, அந்தத் தனி வேர்ஷனின் நிரலையாவது தாருங்கள், ஜிபிஎல் என்றால் தர வேண்டுமே என்று கேட்டேன். சிரித்தார். அன்றிரவு தெஹிவளையில் இருக்கும் தங்கச்சியின் மகனிடம் சொன்னேன். அவன் மென்பொருள் வேலை செய்கிறவன். "மாமா, அவங்கள் செய்தது சட்டப்படி சரி" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விஷயம் இதுதான். மென்பொருளின் பிரதியைக் கையில் கொடுத்தால்தான் நிரலையும் கேட்கும் உரிமையை ஜிபிஎல் தருகிறது. அவர்கள் பிரதி எதையும் எங்களுக்குத் தரவில்லை. தங்கள் சேர்வரில் ஓடவிட்டு அதன் திரையை மட்டும் காட்டினார்கள். ஹோட்டலில் சாப்பிட்டவன் சமையல் குறிப்பைக் கேட்கும் நிலைமை என்னுடையது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2007 நவம்பரில் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு என்ற உரிமம் வந்தது. மாற்றி எழுதிய மென்பொருளை இணையம் வழியாகப் பாவிக்க விட்டாலே அதன் நிரலையும் தர வேண்டும் என்கிறது அது. கோஹா இருப்பது ஜிபிஎல்லில், ஏஜிபிஎல்லில் அல்ல.

பிறகுதான் தெரிந்தது, எங்களுக்கு வந்தது பழைய வியாதி. 2009இல் அமெரிக்காவில் லைப்லைம் என்ற நிறுவனம், அதுவரை கோஹா சமூகத்தில் பெரிய கையாக இருந்தது, தன் வாடிக்கையாளருக்கென்று 'என்டர்பிரைஸ்' கோஹா என்று தனிப் பாதை பிரித்தது. சமூகம் கொதித்தது. உரிமத்தில் பிழை பிடிக்க இடமில்லை, மொய் முறையில்தான் பிழை. 2010இல் அந்த நிறுவனத்தை பிடிஎஃப்எஸ் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கியது. அடுத்த சண்டை 'கோஹா' என்ற சொல்லுக்கே. நியூசிலாந்தில் அந்தப் பெயரை வணிகக் குறியாகப் பதிய அவர்கள் தரப்பு கேட்க, எழுதுவித்த ஹொரோவெனுவா நூலகக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். 2013 டிசம்பரில் பதிவு மறுக்கப்பட்டது. நிரல் எல்லோருக்கும் சொந்தம், பெயர் மட்டும் ஒருவருக்கு என்று ஆகியிருந்தால் ஊரார் தேரை இழுக்க, வடம் மட்டும் ஒருவர் வீட்டில் இருந்த கதையாகியிருக்கும்.

எங்கள் நிர்வாக சபையில் இதைச் சொன்னபோது பொருளாளர் அண்ணை, "இலவசச் சாமானை விற்றதே களவுதானே" என்றார். நான் அந்தக் கட்சி இல்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிய காலத்திலிருந்தே விற்கலாம், காசு வாங்கலாம் என்றுதான் சொல்லி வருகிறார். ஆங்கிலத்து 'ஃப்ரீ'யைத் தமிழில் 'இலவசம்' என்று போட்டவுடன் சுதந்திரம் என்ற அர்த்தம் செத்துப்போகிறது. 'கட்டற்ற' என்ற சொல் கரடுமுரடாக இருந்தாலும் அதுதான் சரி. உழைப்புக்குக் காசு கேட்டிருந்தால் 110,000க்கே பேரம் பேசிக் கொடுத்திருப்போம். இல்லாத ஒன்றுக்கு பில் போட்டதுதான் என் கோபம். தலைவர், இலவசம் என்றால் தரம் இருக்காது என்று இன்னொரு பக்கம் இழுத்தார். 2004 சுனாமிக்குப் பிறகு இதே நாட்டுப் பிள்ளைகள் இரவு பகலாக எழுதிய சஹானா என்ற அனர்த்த நிவாரண மென்பொருளும் கட்டற்றதுதான், 2006இல் ஸ்டால்மனின் அறக்கட்டளை கொடுத்த சமூகப் பயன் விருதும் அதற்குத்தான் என்று சொன்னேன். அதன் பிறகு பேச்சு பிளேன்டீ பக்கம் திரும்பியது.

வெளியே வருவதென்று முடிவெடுத்தோம். தரவைத் தாருங்கள் என்று மூன்று மின்னஞ்சல். பதில் இல்லை. கோஹாவில் பட்டியல் முழுவதையும் ஏற்றுமதி செய்ய ஒரு கருவி இருக்கிறது, எங்களுக்குத் தந்த கணக்கில் அந்த அனுமதியை மூடி வைத்திருந்தார்கள். ஆனால் வாசகர் பக்கத்தை மறந்துவிட்டார்கள். எந்த வாசகரும் புத்தகங்களைத் தெரிந்து தன் பட்டியலில் போட்டு, நூலக மென்பொருள்களுக்குப் பொதுவான மார்க் என்ற வடிவத்தில் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். கோஹாவில் பிறவியிலேயே உள்ள வசதி. நானும் ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஒரு பிள்ளையும் உட்கார்ந்தோம். தேடுவது, பக்கம் பக்கமாகக் குறி போடுவது, பட்டியலில் சேர்ப்பது, இறக்குவது. கரண்ட் இருந்த நேரமெல்லாம் அதே வேலை. பதினொரு பின்னேரம். 6,840 புத்தகமும் ஒரு பென்டிரைவில் வந்து சேர்ந்தன. அங்கத்தவர் விவரம் அந்த வழியால் வராது, 312 பேரையும் பழைய அட்டைகளைப் பார்த்து மறுபடி அடித்தோம். அதில் ஒன்பது பேர் காலமாகியிருந்தார்கள். யார் எப்போது எதை வாசித்தார் என்ற கணக்கு போனது போனதுதான்.

ஜிபிஎல்லிலும் சரி, ஏஜிபிஎல்லிலும் சரி, எங்கள் பட்டியல் எங்களுடையது என்று ஒரு வரி கிடையாது. ஜிபிஎல், ஏஜிபிஎல் என்று இரவிரவாக வாதாடுகிறவர்கள் நிரலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்தக் கொம்பனியோடு நாங்கள் போட்ட ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். பிரியும்போது தரவை எத்தனை நாளில், எந்த வடிவத்தில் தருவீர்கள் என்று அதில் நான்தான் கேட்கவில்லை. கப்பல் கந்தோரில் 27 வருஷம் இருந்தவன் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் வாங்கிய ஒரு பழைய கணினி, 8 ஜிபி நினைவகம், டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளம். மருமகனின் கூட்டாளி ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்து நிறுவித் தந்தார், 25,000 ரூபா கொடுத்தோம், சந்தோஷமாக. அவர் தேடலுக்கு ஸெப்ராவை விட்டு எலாஸ்டிக்சர்ச் போடுவோமா என்று கேட்டார். எங்கள் கணினிக்கு அது பாரம். தவிர, அதன் உரிமத்தை 2021இல் அந்த நிறுவனமே மாற்றியது, அமேசான் பிரிந்துபோய் ஓப்பன்சர்ச் என்று வேறு கிளை கட்டியது, 2024இல் பழையவர்கள் ஏஜிபிஎல்லோடு திரும்பி வந்தார்கள். குடும்பச் சண்டை நடக்கிற வீட்டில் நான் ஏன் குடியிருக்க வேண்டும்? கோஹாவில் அப்படி ஒருவர் காலையில் எழும்பி உரிமத்தை மாற்றிவிட முடியாது. எழுதிய ஒவ்வொருவருக்கும் தன் துண்டில் காப்புரிமை இருக்கிறது, அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும்.

இரவில் தானாகக் காப்புப் பிரதி எடுக்கிறது. அதை வைக்க இரண்டு டிஸ்க் வாங்கக் காசு கேட்டபோது பொருளாளர் ஒன்று போதாதா என்றார். தலைவர் 1981 என்று மட்டும் சொன்னார். யாழ்ப்பாண நூலகத்தோடு அதன் பட்டியலும் எரிந்ததைப் பார்த்த தலைமுறை அவர். இரண்டு டிஸ்க் வாங்கினோம், ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, மே மாதமும் நவம்பரும், புதிய பதிப்பு வரும். நாங்கள் ஒன்று விட்டு ஒன்றுதான் ஏற்றுகிறோம், ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு படபடக்கும். நிர்வாகப் பக்கத்தில் பொத்தான்கள் அளவுக்கு மிஞ்சிக் கிடக்கின்றன. எங்கள் திரையில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். இருக்கும் தமிழில் புத்தகம் எடுப்பதற்கு 'கடன்' என்று கண்டேன். வங்கி வாசம் அடிக்கிறது. நாங்கள் சின்ன வயதிலிருந்து 'இரவல்' என்றுதான் சொல்கிறோம், எங்கள் ஊர் நூலகங்களில் இரவல் பகுதி என்றுதான் பலகை தொங்கும். மொழிபெயர்ப்புத் தளத்தில் கணக்குத் திறந்து எழுதிப் போட்டிருக்கிறேன். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் 'இரவல்' தங்களுக்குக் கொஞ்சம் பழசாகக் கேட்கிறது என்று மரியாதையாகப் பதில் போட்டார். நானும் மரியாதையாகப் பதில் போட்டேன். இன்னும் முடியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நான் அங்கேதான் இருப்பேன். சின்ன வாசிகசாலை, கோயில் நூலகம், பள்ளிக்கூட நூலகம் நடத்துகிறவர்கள் வந்து பாருங்கள். ஐசியூ அமைப்பு, போயா நாட்காட்டி எல்லாம் சேர்த்து ஒரு பிரதி தருவேன். பேர்ள் மொழியில் எழுதியது என்பதால் நிரலும் அதற்குள்ளேயே இருக்கும், தனியாகக் கேட்க வேண்டியதில்லை. பென்டிரைவை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.